திரும்பி வந்த மகளுக்கு

அன்பு மக்களே,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு அம்மா வெகுநேரம் தூங்கவில்லை. நான் தூங்கிவிட்டேன். பிள்ளை கீழே இறங்கிவிட்டாள், அழுதாலும் பேசுகிறாள், அது போதும் என்று இருந்தது எனக்கு. விடிகாலை வள்ளம் இறக்கும்போதுதான் நீ சொன்னதெல்லாம் மறுபடி மனசில் ஓடியது. நீ விம்மினால் எனக்கு வாய் எழாது. அதனால் எழுதுகிறேன்.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். தனியாக விமானம் ஓட்டி 300 நாட்டிக்கல் மைல் பறக்க வேண்டும். வழியில் வேறு இரண்டு விமானத்தளங்களில் இறங்கி ஏற வேண்டும். அதை முடித்தால்தான் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு மனுப் போட முடியும். காலையில் கிளம்பினாய். நாற்பது நிமிடம் போனதும் எதிரே புகைமூட்டம் தடித்து, மேகமும் தாழ இறங்கியிருந்தது. சட்டப்படி 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது, ஆனால் குறைந்துகொண்டே வந்தது. செஸ்னா விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாய். உனக்குப் பின்னால் கிளம்பிய இரண்டு பையன்கள் அதே வழியில் போய், இறங்கி, ஏறி, சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். மெஸ்ஸில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். "நான் பயந்தாங்கொள்ளிப்பா" என்றாய்.

உனக்கு என் வாழ்க்கையில் இரண்டு நாளைச் சொல்கிறேன்.

முதல் நாள், நீ இரண்டாம் வகுப்பு படித்த வருஷம், ஆவணி மாதம். ஐந்தாறு வள்ளங்கள் ஒன்றாகப் போனோம். கரையை விட்டு ஏழெட்டு மைல் போயிருப்போம். மேற்கே அடிவானம் கறுத்து, கச்சான் காற்று ஒரு மாதிரி விட்டு விட்டு அடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. வலை போடாமலே வள்ளத்தைத் திருப்பினேன். மற்றவர்கள் நின்றார்கள். அந்தக் கறுப்பு தெற்கே ஒதுங்கிப் போய்விட்டது, ஒரு சொட்டு மழைகூட இல்லை. மதியம் அவர்கள் வள்ளம் நிறைய அயிலையோடு கரைக்கு வந்தார்கள். ஏலம் போடுகிற சத்தம் நம் வீட்டுத் திண்ணைவரை கேட்டது. மண்ணெண்ணெய் வாங்கிய கடன் அப்படியே நின்றது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பா, நமக்கு மட்டும் ஏன் மீன் இல்லை?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

இரண்டாவது நாள் 2017 நவம்பர் 29. சாயங்காலம் போனோம். ராத்திரி ஏறஏற வாடைக்காற்று வழக்கத்துக்கு மீறி இறுகியது. கடலின் மூச்சே மாறிவிட்டது. திருப்பினேன். விடிந்தபோது ஓகி புயல் குமரிக்குத் தெற்கே கடந்துகொண்டிருந்தது, தென்னை மரங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. உன் சித்தப்பா பத்து நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தான். திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வாய்ப்பே அவனுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

அந்த 2017-க்குப் பிறகு ஊரில் பத்து பேராவது என்னிடம், "உமக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டிருப்பார்கள். ஒன்றும் தெரியவில்லை மக்களே. ஆவணி மாதத்தில் தெரிந்ததுதான் அன்றைக்கும் தெரிந்தது. காற்று பிடிக்கவில்லை, திருப்பினேன். இரண்டு நாளும் நான் செய்தது ஒரே காரியம். ஒரு நாள் ஊர் சிரித்தது, ஒரு நாள் கைகூப்பியது. வள்ளத்தைத் திருப்பிய நேரத்தில் எது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் நேற்று தெரியாது. அந்தப் பையன்கள் இறங்கிவிட்டார்கள் என்பதை வைத்து நீ எடுத்த முடிவைத் தப்பு என்று சொல்லாதே. அவர்களுக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் போனார்கள்.

போன தடவை வீட்டுக்கு வந்தபோது ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே. 1954-இல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி பறக்கவைத்தார்கள். இருபது பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். அன்று ராத்திரி அம்மா ஜெபமாலை சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி உருட்டி முடிக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது. பத்து அருள் நிறைந்த மரியே, அதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஜெபமாலையில் எனக்கு அந்த நினைப்பு வருகிறது, அம்மாவிடம் சொல்லவில்லை.

காரணத்தையும் நீதான் விளக்கினாய். காதுக்குள் மூன்று வளைகுழாய்கள், அவற்றில் திரவம். நாம் திரும்பினால் அதுதான் மூளைக்குச் சொல்கிறது. மெல்ல மெல்லத் திரும்பினால் அதற்கே தெரியாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தாலும் கொஞ்ச நேரத்தில் நேராகப் போவதாகவே தோன்றும். எனக்கு இது புதிதில்லை. மூடுபனியில் நட்சத்திரமும் இல்லாமல், முட்டம் கலங்கரை விளக்கமும் தெரியாமல், நேராகப் போகிறோம் என்று நினைத்து வட்டம் அடித்திருக்கிறேன். ஆனால் வள்ளம் வட்டமடித்தாலும் மிதந்துகொண்டுதான் இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். உனக்கு மேலே அந்த வசதி கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், திரும்புவது என்றால் பார்வை தெரியும்போதே திரும்பிவிட வேண்டும். 5 கிலோமீட்டர் என்பது சட்டம் போட்ட கோடு. அந்தக் கோட்டைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நீ அதற்கு முன்னாலேயே திருப்பினாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நீ முதன்முதலில் ஸ்டால் பழகிய அன்று பேசியதை நினைத்துப் பார். மூக்கை ரொம்பத் தூக்கினால் இறக்கைமேல் காற்று ஒட்டாமல் பிய்ந்துவிடும், விமானம் தொபுக்கென்று இறங்கும். அப்போது கை தானாகவே பின்னால் இழுக்கப் பார்க்கும், ஆனால் முன்னால் தள்ள வேண்டும் என்றாய். "என் கை கேட்கவே மாட்டேங்குதுப்பா" என்று சொன்னவள், நாலு நாள் கழித்து, "இப்ப கேட்குது" என்றாய். நேற்றும் உன் கை முன்னால் போகத்தான் ஆசைப்பட்டிருக்கும். கேட்கவைத்திருக்கிறாய்.

நீ மத்தியப் பிரதேசத்துக்குப் போனபோது நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழிலுக்குப் பிள்ளையை அனுப்புகிறோம் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் நகை, பேங்க் கடன், மெடிக்கல், நாலைந்து பரீட்சை, ஒவ்வொன்றிலும் 70 மார்க்குக்குக் குறைந்தால் பெயில், எல்லாம் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இது நம்ம கடல்தானே என்று ஆகிவிட்டது. தூரத்துக்கு நாட்டிக்கல் மைல், வேகத்துக்கு நாட். இடப்பக்க இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, நம் விசைப்படகுகளில் இருப்பதுபோலவே. இடமிருந்து காற்றடித்தால் மூக்கை இடப்பக்கம் கொஞ்சம் வைத்தால்தான் நேராகப் போய்ச் சேரலாம் என்றாய். நீவாடு, அதுதான் கடல் நீரோட்டம், இழுக்கும்போது வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தை நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். ஆறு, ரயில் பாதை, குளம் என்று கீழே பார்த்துப் பார்த்து மேப்பில் டிக் அடிப்பேன் என்றாய். தாத்தா கணியம் பார்த்த கதை உனக்குத் தெரியும். மலை உச்சியையும் கோவில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து, கடலுக்குள் பாறை இருக்கிற இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவார். கணியம் தெரியாத நாளில் தாத்தா தூரக் கடலுக்குப் போனதே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது நீ அனுப்பிய அந்த வீடியோதான். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இறக்கைக்கு அடியில் குனிந்து, சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கீழிருந்து அழுத்தி, கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வானத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாய். பெட்ரோல் லேசான நீலமாக இருக்கிறது. தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமாதிரி தனியாக நிற்கும், ராத்திரி குளிரில் டாங்கிக்குள்ளே வேர்த்து இறங்கும் என்று பின்னாலிருந்து உன் குரல். ஒரு குழாய் பார்த்தாய், அடுத்தது பார்த்தாய், மறுபக்க இறக்கைக்குப் போனாய். ஒன்றைக்கூட விடவில்லை. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்து நடுக்கடலில் எஞ்சின் நின்று, நான் ஒரு ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்டிருக்கிறேன். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறவள் பயந்தாங்கொள்ளியா?

இன்னொரு விஷயம். ஒரு மணி நேரம் பறக்க என்ன காசு ஆகிறது என்று நீ கணக்குப் போட்டு அழுதாய். நேற்றுப் பறந்த ஒரு மணி இருபது நிமிடமும் உன் லாக் புக்கில் ஏறியிருக்கிறது அல்லவா? லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணியிலும் அது சேரும், நீயே பொறுப்பாளியாகப் பறக்க வேண்டிய 100 மணியிலும் சேரும். உன் இன்ஸ்ட்ரக்டர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் என்றாய். நல்ல மனுஷன். காசு என்னுடைய கவலை. அதை விமானத்துக்குள் ஏற்றாதே, ஏற்கெனவே உன் எடை, பெட்ரோல் எடை எல்லாம் கணக்குப் பார்த்துத்தானே ஏறுகிறாய்.

அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்து டப்பாவில் போட்டிருக்கிறாள், கூடவே கொஞ்சம் எலுமிச்சங்காய் ஊறுகாய். இந்த வாரம் பார்சல் போடுகிறோம். குளிருக்குக் கம்பளி போதுமா என்று கேட்கச் சொன்னாள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதைச் செய். இனிமேல் நீ தனியாகத் தூரம் போகும் நாளை எங்களிடம் முன்கூட்டிச் சொல்லாதே. இந்தத் தடவை சொன்னாய், அம்மா உபவாசம் இருந்தாள், நான் கரைக்குப் போகாமல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் காத்திருக்கிறோம் என்பது மேலே போகும்போது உன் மனசில் இருந்திருக்கும். அது உன்னை முன்னால் தள்ளும் மக்களே, எனக்குத் தெரியும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற நினைப்பு என்னை எத்தனையோ நாள் தள்ளியிருக்கிறது. அதனால் முன்னால் சொல்ல வேண்டாம். போய் முடித்துவிட்டு வந்து கூப்பிடு. பாதியில் திரும்பி வந்தாலும், ஷூவைக் கழற்றும் முன்னால் கூப்பிடு. இரண்டுக்கும் நான் முதல் மணியிலேயே எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா