ஒளிபுகும் கூரை ஷீட் செய்வோருக்கும் விற்போருக்கும்: விவரத்தை ஒரு வரியில் ஷீட்டிலேயே அச்சிடுங்கள்

ஒளிபுகும் கூரை ஷீட் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அதை வாங்கி ஊர் ஊராக அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கும், எங்கள் கையில் கொடுக்கும் ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் கூட்டின் கூரைக்கு வெளிச்சம் வரும் ஷீட் கேட்கிறோம், நீங்கள் எந்த விவரமும் எழுதாத ஒன்றை எடுத்துத் தருகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. போன வாரம் ஒரு கடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுவரோரம் இரண்டு ஷீட் சாய்ந்து நின்றன. நிறம், வளைவு, அகலம் எல்லாம் ஒன்றுபோல. விலை மட்டும் ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டேன். "அது குவாலிட்டிக்கா" என்றார் கடைப் பையன். என்ன தடிமன்? தெரியவில்லை. எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து இருக்க வேண்டும்? புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்க்கா, எப்படிப் போட்டாலும் வெளிச்சம் வரும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஷீட்டில் எழுதியிருந்தால் படித்துச் சொல்லியிருப்பார். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும், உரித்தால் போகாத, தேய்த்தால் அழியாத மையில், தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் மேலே, எத்தனை சதவீதம் வெளிச்சம் உள்ளே வரும், எந்த மாதம் எந்த வருடம் செய்தது. அவ்வளவுதான்.

கடையில் "ஃபைபர் ஷீட்" என்று கேட்டால் மூன்று வேறு வேறு பொருளில் ஒன்று வருகிறது. பி.வி.சி. இருக்கலாம். அது 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். வெயிலில் கிடந்து சில வருடத்தில் கை வைத்தால் உடையும் அளவுக்கு வறண்டும் போகும். கண்ணாடி நாரும் ரெசின் என்ற பசையும் சேர்ந்த அசல் ஃபைபர் இருக்கலாம். அது மெல்ல மஞ்சளாகும். மேலே இருக்கும் ரெசின் தேய்ந்ததும் நார் வெளியே நீட்டிக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் அதைக் கையால் துடைத்தவர்களுக்கு அரிப்பு என்றால் என்னவென்று தெரியும். மூன்றாவது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். மூன்றில் அடி தாங்குவதில் கெட்டி. தேங்காய் மட்டை விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் வெயில் ஆகாது. அதனால்தான் நீங்களே அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு பூச்சு சேர்த்துச் செய்கிறீர்கள். அந்தப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். பல ஷீட்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் மேலே இருந்தால் பல வருடம் ஓடும். கவிழ்த்துப் போட்டால் சீக்கிரமே மஞ்சளித்து, மயிரிழை மயிரிழையாக வெடிக்கும்.

சரி, எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஷீட் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளில் எழுதியிருக்கும். அந்தத் தாளைக் கடையிலேயே உரித்துவிடுகிறார்கள், அல்லது வண்டியில் வரும்போது கிழிந்து போகிறது. உரித்த பிறகு இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு பொருளின் ஆயுளையே தீர்மானிக்கும் தகவலை, வீடு போய்ச் சேரும் முன் கிழித்து எறியும் தாளில் எழுதலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் காசு நஷ்டம். காசைவிட எனக்கு ஆறாதது ஓர் அடைக்கோழி.

நான் இருப்பது கரூர் பரமத்திப் பக்கம். கோடையில் வானிலைச் செய்தி கேட்பவர்களுக்கு, வெயில் கொளுத்தும் ஊர்களில் இந்தப் பெயர் முன்னால் வரும் என்று தெரியும். கொல்லையில் கோழிக்கூடு கட்டியபோது, தகரம் வேண்டாம், மேலே முழுக்கத் தெளிவான ஷீட் போட்டால் உள்ளே நல்ல வெளிச்சமாக இருக்கும், ஈரம் தங்காது, நோய் வராது என்று கடையில் சொன்னார்கள். சொன்னதில் பாதி உண்மை. வெளிச்சம் பட்டால் தரை காயும், எச்சத்தின் நெடி குறையும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி ஈரமான தரையில்தான் பெருகும் என்பதால் அதுவும் மட்டுப்படும். சொல்லாத மறு பாதி வெப்பம். தெளிவான ஷீட் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். அந்த வெளிச்சம் தரையிலும் கோழியின் முதுகிலும் பட்டுச் சூடாக மாறிய பின், அந்தச் சூட்டைத் திரும்ப வெளியே விடாது. தகரக் கூரையும் சுடும்தான். ஆனால் அதன் அடியில் நிழலாவது உண்டு.

சித்திரைக் கடைசியில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி ஒன்றை அந்தக் கூட்டில் அடை வைத்தேன். அடையில் உட்கார்ந்த கோழியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது வளர்த்திருப்பார்கள். நாளுக்கு ஒருமுறை இறங்கித் தீனி தின்று தண்ணீர் குடித்துவிட்டு ஓடி வந்து உட்காரும். கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூடே 41 டிகிரி. வெப்பம் தாங்காவிட்டால் வாயைத் திறந்து இரைப்பதும் இறக்கையை அகட்டிக்கொள்வதும்தான் அதற்குத் தெரிந்த வழி. மற்ற கோழிகள் காலையிலேயே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டன. இது போகவில்லை. மத்தியான வெயில் நேராக முதுகில் இறங்க, வாயைப் பிளந்தபடி முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. சாக்கை நனைத்துக் கூரை மேல் போட்டேன். அது காயும் வேகத்துக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் ஊரில் ஏது தண்ணீர்? கையில் தூக்கி நிழலில் விட்டால் திரும்ப ஓடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

முட்டைக்குள் கரு வளர 37.5 டிகிரி போதும். அதற்கு மேல் இரண்டு மூன்று டிகிரி ஏறி நின்றுவிட்டால் கரு தாங்காது. 21 நாள் முடிந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. எடுத்துக் குலுக்கினால் அத்தனையும் கூமுட்டை. பக்கத்து வீட்டு அக்கா அதே வாரத்தில் மாட்டுக் கொட்டகை மூலையில், கூடையில் உமி போட்டு வைத்த அடை நன்றாகப் பொரிந்தது. அவர் கூரைக்கு ஒரு ரூபாய் செலவு செய்யவில்லை. என் கோழி அதற்குப் பிறகும் எழுந்திருக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தது. மெலிந்து, கொண்டை வெளிறி, கத்திரி முடிந்தும் பிழைக்காமல் போய்ச் சேர்ந்தது. கோழிக் காசு பெண்களுடைய சிறுவாட்டுக் காசு. யாரிடமும் கேட்காமல் செலவழிக்க எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஷீட்டில் "வெளிச்சம் 85 சதவீதம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், பக்கத்தில் பால் வெள்ளை ஷீட்டில் "35 சதவீதம்" என்று இருந்திருந்தால், பள்ளிக்கூடம் போகாத என் மாமியாரே இரண்டாவதைக் காட்டியிருப்பார். பால் வெள்ளை ஷீட் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பரப்பும். ஒரே இடத்தில் சுள்ளென்று இறங்காது. அது உங்கள் கிடங்கிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வருவதில்லை, கேட்டால் "ஆர்டர் போடணும்" என்கிறார்கள்.

விற்கும்போது சொல்லும் சில வார்த்தைகளையும் நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும். "கோழிக்கு வைட்டமின் டி கிடைக்கும்" என்பது ஒன்று. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைத் தடுப்பதுதான் உங்கள் பூச்சின் வேலை. பூச்சு நன்றாக இருந்தால் வைட்டமின் வராது. வைட்டமின் வந்தால் பூச்சு சரியில்லை. இரண்டையும் ஒரே ஷீட்டில் விற்க முடியாதே! இன்னொன்று "முட்டை கூடும்" என்பது. கோழி நன்றாக முட்டையிட 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் வேண்டும் என்பார்கள். நம் ஊரில் ஆண்டின் நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. கூரையை மாற்றினால் சூரியன் தாமதமாகவா மறையும்? உள்ளே வெளிச்சம் மிகுந்தால் ஒன்றையொன்று கொத்துவதுதான் கூடும். முட்டையிடும் மூலை எப்போதும் இருட்டாக இருக்க வேண்டும். இதை எங்கள் அம்மாக்கள் கூடையைக் கவிழ்த்து வைத்தே செய்துவந்தார்கள்.

உங்கள் விளம்பரத் தாள் ஒன்று கைக்குக் கிடைத்தது. வெளிச்ச ஷீட்டைக் கூரையின் வடக்குச் சரிவில் போடுங்கள், வெயில் நேராக விழாது என்று அதில் இருந்தது. எந்த ஊருக்கு எழுதியதோ தெரியவில்லை. கரூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நட்ட நடுத் தலைக்கு மேல் வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் பிற்பகுதி வரை மத்தியான வெயில் வடக்குப் பக்கமாகத்தான் விழும். கத்திரி வெயிலில் வடக்குச் சரிவில் போட்டால் நேராக வாங்கிக்கொள்வதாக அர்த்தம். நம் ஊருக்குக் கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு போதும். காலை வெயில் தரையைக் காயவைத்துவிட்டு விலகிவிடும். மங்களூர் ஓட்டு வீட்டில் ஒரு கண்ணாடி ஓடு சொருகி அடுப்படி முழுக்க வெளிச்சம் பார்த்தவர்கள் நாம். கூரை முழுதும் கண்ணாடி ஓடு போட்ட வீட்டை யாராவது பார்த்ததுண்டா?

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீள்கிறது. இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எடை, விலை, செய்த மாதம், செய்தவர் முகவரி எல்லாம் இருக்கிறது. அது சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். பல வருடம் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கூரையில் ஒன்றுமில்லை. ஃபைபர் ஷீட்டுக்கு ஐ.எஸ். 12866 என்று இந்தியத் தரநிலை ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். பெரிய தொழிற்சாலைக்காரர் பத்து லாரி ஷீட் கேட்டால் தடிமன், வெளிச்சம், உத்தரவாதம் என்று கோப்பு கோப்பாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் அல்லவா? எங்களுக்குக் கொடுப்பது "பத்து வருஷம் வாரண்டி" என்ற வாய் வார்த்தை. பில் கேட்டால் வரி சேர்ந்து விலை ஏறும் என்கிறார்கள். பில் இல்லாத வாரண்டியை எடுத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பது? விதை, உரம், பூச்சி மருந்து, மோட்டார் என்று கிராமத்துக்கு வரும் எதிலும் இதே கதைதான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே ஷீட்டைப் பற்றி மட்டும்.

மறுபடியும் மரியாதையாகவே கேட்கிறேன். ஷீட்டின் ஓரத்தில் அந்த ஒரு வரி. பொருள், தடிமன், மேல் பக்கம், வெளிச்சம், செய்த மாதம். இடம் இருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம். பாலிகார்பனேட் வெயிலில் நீளும். மூன்று மீட்டர் ஷீட், இரவுக் குளிருக்கும் உச்சி வெயிலில் கூரை ஏறும் சூட்டுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் நீளும். ஸ்க்ரூ அளவுக்கே ஓட்டை போட்டு இறுக்கினால் அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். "ஓட்டையை ஸ்க்ரூவை விடப் பெரிதாகப் போடவும்" என்று இருந்தால் எங்கள் ஊர் வெல்டர் அதைப் படித்துவிட்டு அப்படியே செய்வார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவே.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கோழிக்கூட்டுக்குப் பன்னிரண்டு அடி ஷீட் தேவைப்படாது. நாலடி, ஐந்தடி என்று வெட்டிக் கொடுங்கள். வெட்டுவதற்குக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். வெட்டிய துண்டிலும் அந்த வரி இருக்க வேண்டும் என்பதால், தயாரிப்பாளர்கள் ஒரே இடத்தில் அச்சடிக்காமல் ஓரம் நெடுக, அடிக்கு ஒருமுறை வரும்படி அச்சடிக்க வேண்டுகிறேன். இதனால் ஷீட்டுக்குச் சில ரூபாய் ஏறினாலும் கொடுக்கத் தயார். ஏமாந்து இரண்டாவது தடவை வாங்குவதைவிட அது குறைவுதான்.

வெயிலுக்கு முன் கூரை மாற்றுபவர்கள் மாசி, பங்குனியில்தான் உங்கள் கடைகளுக்கு வருவார்கள். அச்சடித்த சரக்கு அதற்குள் கடைக்கு வந்துசேர ஏற்பாடு செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையாவது தமிழில் எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கரூர் பரமத்திப் பக்கம் கொல்லையில் கோழி வளர்க்கும் ஒருத்தி