பழி பிட்புல் மேல், கேட் மட்டும் திறந்தே கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிட்புல் நாய்களை நாடு முழுக்கத் தடை செய்ய வேண்டும் என்று போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. 2022 கடைசியில் குழந்தைகள் அடுத்தடுத்துக் கடிபட்டு இறந்தபோது தென்னாப்பிரிக்காவில் லட்சத்துக்கும் மேலானவர்கள் இதே கோரிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள், டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியிலும் பலர் போட்டார்கள். ஆனால் தடை வந்துவிட்டால் தெருவில் நிம்மதியாக நடக்கலாம் என்று அவர் நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிரிட்டனில் 1991-லேயே பிட்புல்லைத் தடை செய்தார்கள். அப்புறமும் நாய்க்கடிக்கு ஆஸ்பத்திரி போகிறவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை, 2023 கடைசியில் எக்ஸ்எல் புல்லி என்று இன்னொரு வகையையும் பட்டியலில் சேர்த்தார்கள். பலமான தாடை உள்ள நாய் கடித்தால் சேதம் அதிகம், அதில் சந்தேகமில்லை, நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர் அப்படி ஒன்றை வாங்கவே கூடாது. இந்த அளவுக்கு அவரோடு ஒத்துப்போகிறேன்.

அதற்கு மேல் போனால் பேச்சு நாய் வளர்ப்பவரைப் பற்றித்தான் இருக்க வேண்டும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது திடீர் இல்லை. முதலில் முகத்தைத் திருப்பும், தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விடும், சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரிகிற மாதிரி ஓரமாகப் பார்க்கும், உடம்பு விறைத்து அப்படியே நிற்கும், அதற்கும் யாரும் விலகாவிட்டால் உறுமும். நாம் என்ன செய்கிறோம்? உறுமினால் ஒரு அடி போடுகிறோம். நாய் உறுமுவதை விட்டுவிடுகிறது, பயத்தை விடுவதில்லை. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பல்தான். வாலை ஆட்டினால் நட்பு என்பதும் அரைகுறைதான், விறைப்பாக உயர்த்திய வால் வேகமாக ஆடினால் அந்த நாயிடம் போகாமல் இருப்பது நல்லது. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்ன பெரியவர் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை போலிருக்கிறது.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் வீட்டைப் பாருங்கள். வீடு நிறைய ஆள், மேளச் சத்தம், சமையல் வாசனை, பின்கட்டில் சங்கிலியில் ஒரு நாய். சங்கிலியில் கிடக்கிற நாய் பயந்தால் ஓடிப் போக முடியாது, அதற்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி எதிர்ப்பதுதான். அங்கேதான் பிள்ளைகள் விளையாடப் போவார்கள், ஒன்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும், ஒன்று சாப்பிடுகிற தட்டில் கை வைக்கும். பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பது யாருக்கும் உறைப்பதில்லை. பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரு நாய் இல்லை, வீட்டு நாயோ பழகிய நாயோதான். விசேஷ நாளில் அதை ஓர் அறையில் தண்ணீரோடு விட்டுக் கதவைப் பூட்ட ஐந்து நிமிஷம் ஆகுமா?

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கசக்கும். "என் நாய் கறுப்பர்களைக் கண்டால்தான் குரைக்கும்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாய்க்கு நிறவெறி தெரியாது ஐயா. பிறந்து 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைக்கும் குட்டி யாரை எல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ அவர்களைத்தான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். உயர்ந்த மதிலுக்குள் வீட்டு ஆட்களை மட்டுமே பார்த்து வளர்ந்தால் மற்ற எல்லோரும் அதற்கு அந்நியர். கேட் பக்கம் வேலைக்குப் போகிற ஒருவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் தன் பாட்டுக்குக் கடந்து போகிறார், நாயோ தன் குரைப்புதான் அவரை விரட்டியது என்று எடுத்துக்கொள்கிறது. தினமும் இதே பாடம். கூடவே வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கிச் சந்தேகமாகப் பார்த்தால் அது இன்னும் நன்றாக ஏறும். அப்புறம் ஒரு நாள் கேட் திறந்து கிடந்தால் கடிபடுவது யார்? தோட்ட வேலைக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, குப்பைத் தொட்டியில் பொறுக்குகிறவர்.

கேட் திறந்து கிடந்ததற்குக் காரணம் சொல்ல நம்மிடம் ஆயிரம் இருக்கிறது. லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டில் கேட் மோட்டாரின் பேட்டரி தீர்ந்துவிட்டது, திருடன் பூட்டை உடைத்துவிட்டான். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஜெஃப்ரீஸ் பே ஊரில் தெருவில் நடந்து போன ஒரு தோட்டத் தொழிலாளியை மூன்று நாய்கள் கடித்து அவர் இடது கையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. யாரோ பூட்டை உடைத்திருக்க வேண்டும் என்று சொந்தக்காரர் வாதாடியும், நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருடையதுதான் என்று 2020-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த நாட்டில் வழக்கில் உள்ள ரோமன்-டச்சு சட்டத்தில் தவறே செய்யாவிட்டாலும் சொந்தக்காரர்தான் பொறுப்பு, கவனக்குறைவு என்று நிரூபித்தால் 1993 சட்டப்படி அபராதமோ 2 வருஷம் வரை சிறையோ உண்டு. அதில் எந்த இன நாய் என்ற கேள்வியே இல்லை. புதிதாகத் தடை கேட்பதற்கு முன்னால் இருக்கிற சட்டத்தில் புகார் கொடுக்கலாமே.



வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. ஊசி போடுவது சட்டக் கட்டாயம்: குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது, அப்புறம் 3 வருஷத்துக்கு ஒரு தடவையாவது. கடிபட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள், கீறல் சின்னதாக இருந்தாலும் சரி. அரசு கால்நடை மருத்துவர்கள் இலவச ஊசி முகாம் நடத்துகிறார்கள், நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது எப்போது, எங்கே என்று தெரியாமலே முடிந்துவிடுகிறது. கோயில் திருவிழாத் தேதிகள் போடும் பக்கத்திலேயே இந்த முகாம் தேதிகளையும் போடுவீர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்
சாட்ஸ்வொர்த், டர்பன்