மாத்திரைக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மறதிநோய் உள்ளவர்களுக்கான பராமரிப்பு இல்லங்கள் குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரை கட்டடம், கேமரா, டாக்டர் வருகை என்று எல்லாவற்றையும் விரிவாகப் பேசியது. இல்லத்தைப் பார்க்கப் போகும் குடும்பத்தார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் விட்டுப்போயிற்று: ஒருவர் திடீரென்று கத்தினாலோ கை ஓங்கினாலோ இங்கே என்ன செய்வீர்கள்?

"மாத்திரை இருக்கிறது, கொடுத்தால் அடங்கிவிடுவார்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். இரண்டு மூன்று நாளில் ஒருவரின் போக்கு மாறினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றியது, பல்வலி, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், குளிப்பாட்ட வருபவரின் கையைத் தட்டிவிடுவார். பதிவேட்டில் அது 'முரண்டு' என்று ஏறிவிடும். மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு வலியைக் கணிக்கும் முறை இருக்கிறது. ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இப்படி அடக்குவதற்குக் கொடுக்கும் மனநோய்க்கான மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. அவை அறவே கூடாது என்பதில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் தேவைப்படலாம். ஆனால் குறைந்த அளவில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது இன்னும் வேண்டுமா என்று மறுபடி பார்க்க வேண்டும். தொடங்கிய மாத்திரையை நிறுத்த யாருக்கும் நினைவு வருவதில்லை என்பதுதான் வழக்கமான கோளாறு.

கத்துபவரையாவது கவனிக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாக நாள் முழுக்கத் தூங்கி வழிபவருக்கும் அதே தொற்று இருக்கலாம். தொல்லை தராததால் அவரை யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை.

பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் போகட்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த ஸ்பூனை நீட்டுகிறார்களா? சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது படுக்க விடாமல் இருக்கிறார்களா? சாய்த்துப் போட்டு அவசரமாக ஊட்டினால் புரையேறி, உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். மாலை நான்கு மணிக்கும் கட்டிலருகே தண்ணீர் ஜக் தளும்பத் தளும்ப இருந்தால், காலையிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று பொருள். எடைப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். 50 கிலோ உள்ளவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இழந்திருந்தால், அதற்கு என்ன செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பகல் கணக்கைச் சொல்லிச் சமாளிப்பார்கள். இரவில் ஆள் குறைந்த இடத்தில்தான் டயப்பரும் தூக்க மாத்திரையும் கூடுதலாகச் செலவாகின்றன.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புச் செவிலியர் ஒருவர்