தொலைபேசிப் பணிக்கும் நெட்வொர்க்கே அடிப்படை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலிடெக்னிக்கும் பொறியியலும் முடித்த பர்கூர், பாலக்கோடு, அரூர் வட்டாரத்துப் பிள்ளைகள், நெட்வொர்க் துறைக்குப் போவதா, அலுவலகத் தொலைபேசித் துறைக்குப் போவதா, எந்தச் சான்றிதழ்த் தேர்வை முதலில் எழுதுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கையும் தொலைபேசி இணைப்புகளையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தின் வாசகர்களுக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

இபிஏபிஎக்ஸ் எனும் அலுவலக உள்தொலைபேசி இணைப்பகப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் தனிக் கம்பி இழுத்த காலத்தில் இரண்டும் வேறு வேறு தொழில்களாக இருந்தன. நெட்வொர்க் வழியாகவே பேச்சைக் கடத்தும் இன்றைய ஐபி போன், கணினி இணைந்திருக்கும் அதே நெட்வொர்க் ஸ்விட்சில் (கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியில்) இணைந்து, பெரும்பாலும் மின்சாரத்தையும் அந்தக் கேபிள் வழியாகவே பெற்றுக்கொள்கிறது. கிளை அலுவலகத்திலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்கவில்லை என்ற புகார் எங்களுக்கு வாடிக்கையானது. அழைப்பை ஏற்படுத்தித் தரும் எஸ்ஐபி செய்தி வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் (கருவியின் எண்ணிட்ட நுழைவாயிலில்) போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் குரல் ஆர்டிபி என்ற முறையில் வேறு போர்ட்டுகளில் தனியாகப் பயணிக்கிறது. எஸ்ஐபி செய்திக்குள் அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டுமே செல்லுபடியாகும், 192.168 என்று தொடங்கும் உள் முகவரியே எழுதப்பட்டிருந்தால், எதிர்முனை அந்த முகவரிக்குக் குரலை அனுப்ப முயன்று தோற்றுப்போகும். ஃபயர்வால் (நெட்வொர்க்கின் பாதுகாப்புத் தடுப்பு) அந்தப் போர்ட்டுகளைத் தடுத்திருந்தாலும் இதே கதைதான். உள் முகவரி வெளியே போகும்போது பொது முகவரியாக மாறும் முகவரி மாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர் போனை மாற்றுவார், பிறகு கேபிளை மாற்றுவார், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் நெட்வொர்க், அதன் மேல் தொலைபேசி என்பதே என் கருத்து. நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனமும் வாய்ஸுக்கென்று (குரல் தொலைபேசிக்கென்று) வைத்திருந்த சிசிஎன்ஏ என்ற அடிப்படைச் சான்றிதழை முன்பே நிறுத்திவிட்டு, 2020 பிப்ரவரி 24 முதல் மற்ற பிரிவுகளையும் பெரும்பாலும் 200-301 என்ற ஒரே தேர்வுக்குள் கொண்டுவந்துவிட்டது. குரலுக்கான விலேன் (ஒரே ஸ்விட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), முகவரி மாற்றம், எந்தப் பேக்கட்டுக்கு (தகவல் துண்டுக்கு) முன்னுரிமை என்ற க்யூஓஎஸ் ஆகிய அனைத்தின் அடிப்படையும் அதிலேயே உள்ளன. வேலையில் சேர்ந்து கை பழகிய பின், தொலைபேசியில் விருப்பம் நீடித்தால், அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பியில், தொலைபேசியை உள்ளடக்கிய கொலாபரேஷன் பிரிவின் 350-801 தேர்வுக்குப் போகலாம். எடுத்த எடுப்பிலேயே அதற்குப் பணம் கட்டுவது வீண்.

பணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும். தவறினால் மீண்டும் முழுக் கட்டணம்; தேறினாலும் மூன்று ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும். விவசாயக் குடும்பங்கள் மிகுந்த நம் மாவட்டங்களில் இது சிறு தொகையன்று. அப்படியிருந்தும் சில பயிற்சி மையங்கள், வழக்கொழிந்த வாய்ஸ் பாடத்தைப் புதிய பெயரில் விற்கின்றன. வேறு சில, கசிந்த வினா விடைகளை ‘டம்ப்’ என்று கையில் திணித்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அவ்வழியில் தேறியவரிடம் நேர்முகத் தேர்வில் நெட்வொர்க் முகவரிகளைப் பிரிக்கும் ஒரு சப்நெட் கணக்கைக் கொடுத்தால் போதும், சாயம் வெளுத்துவிடும். பயிற்சிக்குப் பெரும் செலவு தேவையில்லை: நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பேக்கட் டிரேசர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, பழைய கணினி ஒன்றில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளை நிறுவி, வீட்டு வைஃபையில் இரண்டு கைபேசிகளை எக்ஸ்டென்ஷன்களாக்கிப் பேசிப் பார்த்தவருக்கு, நான் மேலே சொன்ன கோளாறு பாதி புரிந்துவிடும்.

இத்தகைய பயிற்சி விளம்பரங்களை வெளியிடும்போது, தேர்வின் எண், அது இப்போது நடைமுறையில் உள்ளதா, தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் அடங்குமா என்ற மூன்று விவரங்களையும் கட்டாயமாக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.