மாமாவின் போர்வெல் குழாய்

அன்புள்ள சிவா,

மாமாவின் போர்வெல்லில் விரிசல் விட்டது என்று நீ அனுப்பிய கருப்பு பாலிஎத்திலீன் குழாய்த் துண்டு ஏழு மாதமாக என் டிராயரில் கிடந்தது, நானும் ஒரு வரி எழுதவில்லை. மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் இந்த வருடம் பத்தாவது. அங்கே எல்லாரும் நலம்தானே? சேகர் இன்னும் அந்தப் புல்லட்டைத் தள்ளிக்கொண்டுதான் போகிறானா?

சரி, குழாய் விஷயத்துக்கு வருகிறேன். விரிசலை லென்ஸில் பார்த்தபோதே குழாயின் பிளாஸ்டிக் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கும் இழுபடவில்லை, நசுங்கவில்லை, பிளேடால் கீறியது போல நேராக ஓடியிருந்தது. ஆனால் அடர்த்தியும் உருகி ஓடும் வேகமும் எடுத்துப் பார்த்தால், பல வருடம் உழைத்த ஒரு நல்ல குழாய்க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை! இரண்டு செக்‌ஷனுக்கும் சராசரி 60 என்று மார்க் ஷீட் வந்தால் நீ நம்பிவிடுவாயா? ஒன்றில் எல்லாரும் 60, மற்றதில் பாதிப்பேர் 90, பாதிப்பேர் 30 என்றும் இருக்கலாமே. பாலிஎத்திலீன் என்பது சங்கிலி மாதிரி நீண்ட மூலக்கூறுகளின் கூட்டம், சில சங்கிலிகளில் பக்கக் கிளைகள் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதனால் அந்தச் சங்கிலிகளைக் கிளை வாரியாகப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு கிராம் எடுத்து, டிரைகுளோரோபென்சீன் என்ற கரைப்பானில் 140 டிகிரியில் கரைத்து, குழாய்க்குக் கருப்பு நிறம் தரும் கார்பன் தூளைச் சூட்டோடு வடிகட்டி, கண்ணாடி மணிகள் நிரப்பிய குழலில் ஊற்றி மணிக்கு 2 டிகிரி வீதம் ஆறவிட வேண்டும். அறை வெப்பத்துக்கு வர இரண்டரை நாள் ஆகும். முதல் தடவை இரண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போய், எல்லாம் வீண். கிளை இல்லாத சங்கிலிகள் சவுக்குக் கம்பு மாதிரி ஒட்டி அடுக்கிக்கொள்ளும், அதனால் சூடான நிலையிலேயே படிகமாகிவிடும். பக்கக் கிளை உள்ளவை வேலிக்காத்தான் விறகு மாதிரி, அடுக்கவே வராது, கடைசியில்தான் படியும். பிறகு படிப்படியாகச் சூடேற்றிக் கரைப்பானை ஓடவிட்டால் கிளை அதிகமானவை முதலில் இறங்கும், 100 டிகிரியை ஒட்டி நேர்ச்சங்கிலிகள் வரும். 1982இல் வைல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் எழுதிக் காட்டிய முறைதான். இப்படித் தனித்தனியாக இறங்கிய ஒவ்வொரு பங்கையும் குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றினால் திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரளும். உலர்ந்த பிறகு தொட்டுப் பார்த்தேன். முதல் பங்கு மெழுகு போல விரலில் ஒட்டியது, கடைசிப் பங்கு சாக்பீஸ் தூள்.

அப்புறம் ஒவ்வொரு பங்கிலும் சங்கிலிகள் எவ்வளவு நீளம் என்று அளந்தேன். நல்ல குழாயில் கிளைகள் நீளமான சங்கிலிகளில் இருந்தன, மாமாவின் குழாயில் குட்டைச் சங்கிலிகளில். சிவா, எல்லாம் இதில்தான் இருக்கிறது. நீளச் சங்கிலியில் கிளை இருந்தால் அது ஒரே படிகத்துக்குள் முழுதாக மடிந்துபோக முடியாது, ஒரு பகுதி இந்தப் படிகத்தில், மறு பகுதி பக்கத்துப் படிகத்தில் என்று இரண்டையும் சேர்த்துத் தையல் போட்டுவிடும். விரிசல் அந்தத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் நகர முடியும். குட்டைச் சங்கிலிக்கு அந்த எட்டும் தூரமே கிடையாது, அதில் எத்தனை கிளை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மாமா கிளாம்பை அதிகமாக முறுக்கிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னாராமே, அதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. விரிசல் கிளாம்புக்கு அடியில்தான் தொடங்கியிருக்கிறது, உண்மை. ஆனால் கிளாம்பின் பிடியைப் பல வருடம் தாங்குவதற்குத்தானே அந்தக் குழாய்! கடன் வாங்கி போர் போட்ட மனுஷர், தன் கைதான் கெடுத்தது என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருப்பார். இன்றைக்கே போய்ச் சொல், அவர் மேல் தப்பு இல்லை என்று.

ஒரு துண்டை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே. மிச்சச் சுருள் இருந்தால் வேறு வேறு இடத்தில் மூன்று துண்டு, முழம் முழமாக வெட்டி அனுப்பு. குழாய் மேல் ஐ.எஸ். 4984 என்று இந்தியத் தர எண்ணில் தொடங்கி ஓடும் எழுத்தை முழுவதும் போட்டோ எடு, பாலிஎத்திலீனின் ரகம் பி.இ. 80 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா, பேட்ச் எண் என்ன, எல்லாம் எனக்கு வேண்டும். இந்தத் தடவை டிராயரில் போட மாட்டேன்.

அன்புடன்,
முரளி