பழைய கப்சாய்க்குப் பெரிய புளோக்: அளந்த பிறகே பொருத்த வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூத்தவர்கள் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடிக்க விட்டிருந்த ஹோண்டா சி70 மோட்டார்சைக்கிள்களை இன்றைய இளைஞர்கள் தேடிப்பிடித்து, சாயம் பூசி, மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவதை ஆயர் ஈத்தாமிலும் ஜெலுத்தோங்கிலும் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது. ஹோண்டாவை மலாயாவில் விற்கத் தொடங்கிய லோ பூன் சியூ பினாங்குக்காரர் என்பதால், ‘கப்சாய்’ என்ற செல்லப்பெயர் பெற்ற இந்தச் சிறிய வண்டியின் மீது நம் தீவுக்குத் தனி உரிமை உண்டு என்றே நான் நினைப்பதுண்டு. ஆனால் புதுப்பிக்கும் வேலையோடு சேர்ந்து, 52 மில்லிமீட்டர் புளோக் கிட் ஒன்றை, அதாவது பெரிய துளையுள்ள சிலிண்டரும் பிஸ்டனும் ரிங்குகளும் அடங்கிய தொகுப்பை, வாங்கிப் பெட்டியைப் பிரித்தவுடன் மாட்டிவிடும் வழக்கமும் பரவிவிட்டது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சில விவரங்களை உங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகன் தன் தாத்தாவின் சி70-க்கு இத்தகைய கிட் ஒன்றை ஒரு மோட்டார் கடையில் பொருத்திக்கொண்டான். இரண்டு வாரம் பறந்தான். மூன்றாவது வாரம் பாலிக் புலாவ் செல்லும் துன் சார்டோன் சாலையின் ஏற்றத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டியை லாரியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். சிலிண்டரை மூடும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, புத்தம்புதிய சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை கீறல்கள் ஓடியிருந்தன. பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்களில் மேலிருக்கும் ரிங்கின் இரு முனைகளும் ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடிபோல் பளபளத்தன. ஸ்பார்க் பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது. இந்த மூன்று அடையாளங்களும் நடந்தது என்ன என்பதை முழுமையாகச் சொல்லிவிட்டன.

ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். இன்ஜின் சூடாகும்போது ரிங் விரிகிறது. விரிவதற்கு இடமில்லையென்றால் முனைகள் முட்டிக்கொண்டு, ரிங் முழுவதும் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, சிலிண்டர் சுவரைக் கிழிக்கிறது. சி70-இன் சொந்த 47 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு இந்த இடைவெளி 0.15 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 52 மில்லிமீட்டருக்கு 0.20-க்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். என் அண்ணன் மகனின் கிட்டில் முட்டாமல் மீந்திருந்த இரண்டாவது ரிங்கை அளந்தபோது 0.10 கூட இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இடைவெளி போதாவிட்டால் சிறிய தட்டை அரத்தால் முனையைத் தேய்க்கலாம். ஆனால் அரத்தை ரிங்கின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி மட்டுமே இழுக்க வேண்டும், இல்லையேல் மேற்பூச்சு பெயர்ந்துவிடும்.

வெள்ளைப் பிளக்கின் கதை வேறு. 47-இலிருந்து 52-க்கு மாறும்போது, பிஸ்டனின் ஓட்டம் அதே 41.4 மில்லிமீட்டராகவே இருந்தாலும், கொள்ளளவு ஏறத்தாழ 72 சிசியிலிருந்து 88 சிசிக்கு உயர்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் காற்றை இழுக்கும் இன்ஜினுக்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான பழைய ஜெட்டின் வழியே பழைய அளவு பெட்ரோலையே கொடுத்தால், கலவை வறண்டு, எரிதலின் சூடு ஏறுகிறது. சமதரையில் காற்று வீசி இன்ஜினைக் குளிரவைக்கும். துன் சார்டோன் ஏற்றத்தில் இரண்டாவது கியரில், முழு முறுக்கில், மெதுவாக ஏறும் வண்டிக்கு அந்தக் காற்றும் கிடைப்பதில்லை. மெயின் ஜெட்டைப் படிப்படியாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் சிறிது தூரம் ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, அது இளம் காப்பி நிறத்துக்கு வரும்வரை பொறுமையாக மாற்றியிருக்க வேண்டும். கடையில் ஜெட்டைத் தொடவே இல்லை.

அழுத்த விகிதத்தைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள மொத்த இடம், உச்சியில் மிஞ்சும் இடத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதே இது; சி70-இல் அது 8.8-க்கு 1. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 9.2 சிசி. அந்த இடத்தை மாற்றாமல் தட்டைத் தலைப் பிஸ்டனோடு 88 சிசியாக்கினால், விகிதம் பத்தரைக்கு வந்து நிற்கும். மேடு வைத்த பிஸ்டன் என்றால் இன்னும் ஏறும். ரோன் 95 பெட்ரோல் ஊற்றி ஏற்றத்தில் முறுக்கும்போது உள்ளே ‘கிளிங் கிளிங்’ என்று தட்டும் ஓசை கேட்டால், அதைச் சாதாரண ஓசை என்று கருதி ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ரோன் 97-க்கு மாறுவதும், தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட் திறக்கும் நேரம், சுழலும் ஃப்ளைவீலில் தீப்பொறிக்கான எஃப் குறிக்கு முன்னால் ஓடிவிடாமல் சரிபார்ப்பதும் உடனே செய்ய வேண்டியவை.

மற்றவை எல்லாம் கவனத்தைப் பொறுத்தவை. பிஸ்டன் தலையில் உள்ள ‘ஐஎன்’ எழுத்து கார்புரேட்டர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் புதியதாக இருக்க வேண்டும். அதை மாட்டும்போது சிலிண்டர் உட்காரும் இன்ஜின் கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உள்ளே விழுந்த சர்க்கிளிப்பைத் தேடி முழு இன்ஜினையும் பிரித்தவர்களை நான் அறிவேன். ஹெட்டைப் பிடிக்கும் மரைக்கம்பிகளில், எண்ணெய் மேலேறும் ஸ்டட்டுக்குரிய செப்பு வாஷரை வேறிடத்தில் போட்டுவிட்டால் ஹெட்டிலிருந்து எண்ணெய் கசியும். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, 9 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை மட்டுமே முறுக்க வேண்டும்; கைப்பலத்தைக் காட்டினால் ஆறு மில்லிமீட்டர் ஸ்டட் மரை பிடுங்கிக்கொண்டு வரும். கடைசியில் இரு வால்வுகளுக்கும், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, 0.05 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த இன்ஜினில் இருப்பது ஏறத்தாழ முக்கால் லிட்டர் எண்ணெய்தான், அதை வடிகட்டக் காகித ஃபில்டரும் கிடையாது. ஆகவே புதிய புளோக் பழகும் முதல் 500 கிலோமீட்டருக்குள் எண்ணெயை ஒருமுறையேனும் மாற்றிவிடுவது அவசியம்.

வேகம் கூடிய வண்டியின் பிரேக் மட்டும் பழையபடியே இருக்கிறது என்பதையும் இளைஞர்கள் மறக்கக் கூடாது. முன்சக்கரத்தில் இருப்பது 110 மில்லிமீட்டர் டிரம் பிரேக். மழையில் பினாங்குப் பாலத்தில் லாரிகளுக்குப் பக்கத்தில் அதை நம்பி ஓட்டுவதற்கு முன், பிரேக் லைனிங்கையும் கேபிளையும் மாற்றியே ஆக வேண்டும். 88 சிசி ஆனாலும் 150 சிசிக்குள் இருப்பதால் சாலை வரியில் மாற்றம் இல்லை என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் பதிவில் உள்ள விவரம் மாறினால் அதை ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் தெரிவிக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது, கழற்றிய பழைய புளோக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும் வழக்கம். அந்தச் சிலிண்டரைக் கடைந்து 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நான்கு படிகளில் பெரிய பிஸ்டன் போடலாம் என்று ஹோண்டாவே அளவு வைத்திருக்கிறது. ஒருவர் ஐம்பது ஆண்டு ஓட்டிய புளோக்கில் இன்னும் இரண்டு படி மிச்சம் இருக்கலாம். அதேபோல, கேஸ் வாயைக் கடைந்து அகலப்படுத்தினால்தான் இறங்கும் பெரிய கிட்டுகளை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை கேஸைக் கடைந்தபின் தொழிற்சாலையிலிருந்து வந்த புளோக் அங்கே மீண்டும் உட்காராது.

உங்கள் பத்திரிகையில் பழைய மோட்டார்களைப் பற்றிய செய்திகள் வரும்போது, படங்களோடு இத்தகைய அளவுகளையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கிட் பொருத்திய வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, ரிங் இடைவெளி, ஜெட் எண், வால்வு இடைவெளி ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் அளக்காமல் இருக்க முடியாது.

என் அண்ணன் மகன் இரண்டாவது கிட் வாங்கி, இம்முறை என் வீட்டு ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து தானே அளந்து பொருத்தினான். தாத்தாவின் பழைய புளோக் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு என் அலமாரியில் இருக்கிறது. வண்டி ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு