கெட்ட சேதியை இன்றைக்கே எழுதிவிடு

மாப்பிள்ளே,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். போனில் பேசி முடிகிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை மாதம் வாய் திறக்காமல் கிடந்தது நீயா நானா என்கிற பஞ்சாயத்தை நம்ம சோடாபுட்டி ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்ளலாம். அதற்கு அவன்தான் லாயக்கு. இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா?

சரி, சோலிக்கு வருகிறேன். உன் ஜெர்மன் ஆர்டர்: 18,000 கிச்சன் டவல், மூன்று கலர். பச்சை நூலில் மட்டும் ஷேடு தவறிவிட்டது. திரும்பச் சாயம் போட்டு, பாவு ஓட்டி, நெய்து எடுக்கப் பன்னிரண்டு நாள் தள்ளும். ஜெர்மன்காரருக்கு இன்னும் சொல்லவில்லை, 'கடைசியில ராத்திரி பகலா ஓட்டிச் சமாளிச்சுக்கலாம்' என்கிறாய். சமாளிக்க முடியாமலும் போகலாம். போனால் என்ன ஆகும் தெரியுமா? சரக்கு லேட்டானதை அந்த ஆள் மன்னித்துவிடுவார். உனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது என்பதை மன்னிக்கவே மாட்டார்.

'அவனுக ரொம்பக் கறாரு' என்று நீ சொல்வது பாதிதான் சரி. கறார் அவர்கள் ரத்தத்தில் ஊறியது இல்லை, கடை நடத்துகிற விதத்தில் இருக்கிறது. அங்கே மலிவு விலைச் சங்கிலிக் கடைகள் வாராவாரம் புதுச் சரக்கு வரிசை ஒன்றை இறக்கும். இந்த வாரம் சமையலறைச் சாமான், அடுத்த வாரம் தோட்டச் சாமான். அதற்கான நோட்டீஸ் முன்கூட்டியே அச்சாகிவிடும். அந்த வாரத்தில் உன் பச்சை டவல் அலமாரியில் இல்லையென்றால், அடுத்த வாரம் அந்த இடத்தில் மண்வெட்டி உட்கார்ந்திருக்கும். ஆறு வாரம் முன்னால் சொன்னால் நோட்டீஸிலிருந்து பச்சைப் படத்தை எடுத்துவிடலாம். ரெண்டு நாள் முன்னால் சொன்னால் திட்டத்தான் முடியும்.

ஆர்டர் ஷீட்டை எடுத்துப் பார். தேதி போடாமல் 'கேடபிள்யூ 38' என்கிற மாதிரி வாரக் கணக்குத்தான் இருக்கும். வாரம் திங்கட்கிழமை தொடங்கும். வருஷத்தின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். அந்த வாரம் என்பது உன் மில் வாசலிலிருந்து கிளம்புகிற வாரமா, தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிற வாரமா, அவர்கள் கிடங்கில் இறங்குகிற வாரமா என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறாயா? மூன்றுக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். 2023 கடைசியில் செங்கடல் தகராறு ஆரம்பித்த பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன, அப்படிப் போனால் கூடுதலாகப் பத்து நாளுக்கு மேல் விழுங்கும். அப்புறம் எண்கள்: அவர்கள் 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐநூறு. 1,500 என்றால் ஒன்றரை. நாம் லட்சத்துக்குப் போடுகிற கமா அவர்களுக்கு விளங்காது. புரொபார்மா பில் போகும் முன்னால் உன் மகள் ஒருமுறை பார்க்கட்டும்.

இனி மெயில். 'ரெஸ்பெக்டட் சார், தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஆரம்பித்தாயானால் நேரே கரூருக்கு வந்து உதைப்பேன். தலைப்பிலேயே ஆர்டர் நம்பர், கலர், எத்தனை பீஸ், பழைய தேதி, புதுத் தேதி இருக்கட்டும். முதல் வரியில் காரணம்: பச்சை நூல், அவர்கள் ஒப்புக்கொண்ட லேப் டிப் என்கிற சாய மாதிரியோடு டி65 பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிறது, டிஎல்84-ல் மஞ்சளடிக்கிறது. (டிஎல்84 ஐரோப்பாக் கடைகளின் குழல்விளக்கு வெளிச்சம், அதில் தேறாவிட்டால் பேச்சே இல்லை. அமெரிக்கா என்றால் அங்கத்துக் கடை விளக்கான சிடபிள்யூஎஃப்-ல் பார்க்க வேண்டும். உன் சாயப்பட்டறை மாஸ்டர் ஜன்னலோரம் வெயிலில் பிடித்து 'ஓகேங்க' என்றிருப்பார், அதுதான் வினை.) அடுத்த வரியில், மற்ற ரெண்டு கலர் 12,000 பீஸும் சொன்ன தேதிக்குத் தயார் என்று போடு. அதற்குக் கீழே அவர் தேர்ந்தெடுக்க மூன்று வழி கொடு. 12,000 முதலில் போகட்டும், பச்சை தனியாக 14 நாள் கழித்து வரட்டும். அல்லது மொத்தமும் சேர்ந்து 14 நாள் தள்ளட்டும். அல்லது இப்போதிருக்கிற ஷேடிலேயே மாதிரிக்கு ஒரு சின்னத் துணி நெய்து கூரியரில் அனுப்புகிறேன், பார்த்து ஒப்புக்கொண்டால் தேதி மாறாது. கடைசி வரி: எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும்.

பன்னிரண்டு நாள் ஆகும் என்றால் பதினாலு என்றே எழுது. ரெண்டாவது தடவை தேதியை மாற்றுவதற்கு முதல் தடவையைவிடப் பல மடங்கு விலை. 'கூடிய சீக்கிரம்' என்று மட்டும் எழுதிவிடாதே. அவர் அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவார்? போனும் செய். குளிர்காலத்தில் அவர்களுடைய காலை ஒன்பது நமக்கு மதியம் ஒன்றரை, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பன்னிரண்டரை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆபீசில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

விமானத்தில் அனுப்பச் சொன்னால் யார் காசு என்பதையும் கணக்குப் போட்டு வைத்துக்கொள். 50க்கு 70 சென்டிமீட்டர், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) டவல் ஒன்று 70 கிராம். 6,000 பீஸ் 420 கிலோ, அட்டைப்பெட்டி தனி. கிலோவுக்கு 250 ரூபாய் என்றே வை, டவலுக்குப் பதினேழரை ரூபாய். உன் லாபம் அதில் போய்விடும். அதனால் 'ஏர் பண்ணித் தர்றேன்' என்று வாய்ப்பந்தல் போடாதே. எல்சி (பணத்துக்குப் பேங்க் பொறுப்பேற்கிற கடிதம்) ஆர்டராக இருந்தால் இன்னொன்று: அவர் மெயிலில் 'பரவாயில்லை' என்று எழுதியதை பேங்க் கண்டுகொள்ளாது. எல்சியில் உள்ள கடைசி ஷிப்மென்ட் தேதியைத் திருத்தி அமென்ட்மென்ட் வர வேண்டும். எல்சிக்கான சர்வதேச விதி யுசிபி 600 தருகிற 5 சதவீதக் கூடக்குறைச்சல் சலுகையும் பீஸ் கணக்கில் எண்ணுகிற சரக்குக்குக் கிடையாது. சரக்கைப் பிரித்துப் பிரித்து அனுப்பக்கூடாது என்று எல்சி சொல்கிறதா என்றும் பார், சொல்லவில்லையென்றால் அனுப்பலாம்.

இதெல்லாம் வெளிவேலை. உண்மையான சங்கடம் உன் மில்லுக்குள் இருக்கிறது. ஷேடு தவறியது உனக்கு எப்போது தெரிந்தது? சாயப்பட்டறைக்கு அதற்கு முன்பே தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். முதலாளியிடம் யார் சொல்வது என்று சனிக்கிழமை சம்பளம் முடிகிற வரைக்கும் இழுத்திருப்பார்கள். நம்ம பக்கம் மரியாதை என்றால் மேலே இருப்பவர் காதுக்கு நல்லதை மட்டும் கொண்டுபோவது. கீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற ஹாலந்துக்காரர் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஆட்களிடம் கருத்துக் கேட்டு, மேல் கீழ் இடைவெளியை ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்று புள்ளி போட்டார். இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35, டென்மார்க்குக்கு 18. ஒரே கம்பெனி ஆட்களிடம் எடுத்த சராசரிதான், அதை வைத்து எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனை எடைபோடக் கூடாது. ஆனால் அவர்களுடைய டெக்னீஷியன் உன் மில்லுக்கு வந்து நிற்கும்போது அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கலாம். அவர் சாய மாஸ்டரைப் பார்த்துக் கேள்வி கேட்பார், பதில் உன் வாயிலிருந்து வரும். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுவார். வந்தவர் இதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார். 'இங்கே வேலை தெரிந்தவனுக்குப் பேச உரிமை இல்லை' என்று குறித்துக்கொள்வார். மாஸ்டரைப் பேச விடு. உன் முன்னாலேயே 'இந்தத் தேதிக்கு ஆகாதுங்க' என்று அவர் சொன்னால் நீ முகம் சுளிக்காமல் இரு, அதுவே பாதி ஆர்டர்.

தினமும் சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒரே பக்கத் தாள் வரட்டும்: இன்றைக்கு ஆக வேண்டியது, ஆனது, நாளைக்கு எது இடிக்கும். மூன்றாவது கட்டம் காலியாக வந்தால் சந்தேகப்படு. நூல் வரவு, சாயம், பாவு, நெசவு, தையல், கடைசி இன்ஸ்பெக்‌ஷன், இதில் எது மூன்று நாள் தள்ளினாலும் உன்னைக் கேட்காமலே சரக்கு வாங்குகிறவருக்கு மெயில் போடுகிற அதிகாரத்தை மகளுக்குக் கொடு. உனக்கு அது கஷ்டம், தெரியும். கேரம் போர்டில் காயினைக்கூட விட்டுக்கொடுக்காத ஆள் நீ.

ஜப்பானுக்கும் சாம்பிள் போயிருக்கிறது என்றாயே, அங்கே இதே மெயில் போதாது. ஜெர்மன்காரருக்குத் தேதி முக்கியம். ஜப்பான்காரருக்கு அது மறுபடி நடக்காது என்ற உத்தரவாதம் முக்கியம். ஒரே ஒரு டவலில் கறை இருந்தாலும் ஏன் வந்தது, அந்த ஏனுக்கு ஏன், என்று அடிவரைக்கும் தோண்டி, என்ன மாற்றினாய் என்று போட்டோவோடு அறிக்கை கேட்பார்கள். 'லேபர் மிஸ்டேக், கண்டித்துவிட்டோம்' என்று எழுதினால் நிர்வாகமே சரியில்லை என்று அர்த்தம். மிஷினில் எண்ணெய் கசிந்ததா, அதைத் துடைக்கிற முறை இருந்ததா என்று எழுத வேண்டும். ஊசி விஷயத்தில் விளையாடவே முடியாது. 1995-ல் அங்கே அமலுக்கு வந்த பொருள் பொறுப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊசித் துண்டு ஒன்று துணியில் போய் யாரையாவது காயப்படுத்தினால் நஷ்டஈடு உற்பத்தியாளரையோ இறக்குமதி செய்தவரையோ பிடிக்கும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் பொறுக்கி ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதி, மிஷின் நம்பர் எழுத வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மிஷினைச் சுற்றியுள்ள பீஸ் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். கடைசியில் எல்லாம் நீடில் டிடெக்டரில் போய் வரும். அட்டைப்பெட்டியில் ஸ்டேப்ளர் பின் அடிக்காதே.

ஜப்பான்காரர்கள் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் உடனே விலையைக் குறைத்துவிடாதே! உன் பழக்கம் அது. எதிரே அமைதி என்றால் உனக்குக் கை நடுங்கும். அங்கே முடிவு கூட்டத்தில் பிறப்பதில்லை, சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் காகிதம் சுற்றி முத்திரை வாங்கி வரும். இழுக்கும், வந்த பிறகு எளிதில் மாறாது.

அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். முதல் மெயிலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் கை போடுவார்கள், ஒப்பந்தம் தலையணை கனத்தில் வரும். அட்டைப்பெட்டியில் லேபிளை இடம் மாற்றி ஒட்டினாலே பில்லில் பிடித்தம். தேதியில் மாதம்தான் முன்னால், 04/05 என்றால் ஏப்ரல் 5. நீ எல்லா இடத்திலும் மாதத்தை எழுத்தில் போட்டுவிடு. நட்பாகப் பேசியவர் அடுத்த சீசனில் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். இங்கிலாந்துக்காரர் 'இதை ஒருதரம் யோசித்துப் பார்க்கலாமே' என்று எழுதினால் அது உத்தரவு. இத்தாலிக்காரருக்கு மெயில் அனுப்பிவிட்டுப் போன் செய்யாமல் இருந்தால் கோபம் வரும். 1978-ல் வெரோனா என்கிற இத்தாலி வியாபாரி திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து இந்த ஊர் அதைப் பழகிவிட்டது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி அங்கே ஆள் கிடைக்காது, அந்த மாதத்தில் ஒப்புதல் எதிர்பார்க்காதே. துபாய் 2022 முதல் சனி ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். சவூதிக்கு வெள்ளி சனி. நம்ம பக்கத்தையும் முன்கூட்டிச் சொல்: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தறி எத்தனை நாள் நிற்கும் என்று ஆர்டர் வாங்கும்போதே காலண்டர் அனுப்பு. அவர்களுக்கு அது தெரியாது, கேட்கவும் தோன்றாது.

உன் ஜெர்மன்காரர் நேரில் வந்தால் சால்வை, சந்தன மாலை, கோயில், மூன்று மணி நேர விருந்து என்று நாளைக் கரைத்துவிடாதே. முந்தின நாளே நிகழ்ச்சி நிரலை அனுப்பு: ஒன்பதுக்குச் சாய அறை, பத்தரைக்குத் தறி, பன்னிரண்டுக்குப் பச்சைக் கணக்கு. சாப்பாட்டுக்கு முக்கால் மணி. பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாயைக் கிள்ளிப் போடுகிற கையை அன்றைக்குக் கட்டி வை. அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் போதும். ராத்திரி, வேலை முடிந்த பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் ஊட்டு.

மெயில் இன்றைக்கு மத்தியானத்துக்குள் போகட்டும். மகளை எழுதச் சொல், எனக்கும் காப்பி போடு. ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் சந்தைக்கு இந்தத் தடவை நீயும் வருவதாக இருந்தால் இப்போதே சொல். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த வாரத்து ஹோட்டல் வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும், ஒரே ரூமாகப் போட்டுவிடுவோம். குறட்டைக்குத் தனி பேச்சுவார்த்தை.

உன்,
திருப்பூரான்